'உட்கார்' வந்துவிட்டது, 'படு' மட்டும் வரவில்லை: ஐந்து மாதக் குட்டி இதுவரை எதைக் கற்றிருக்கிறது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். ஐந்து மாதம் நிரம்பிய உங்கள் நாய்க்குட்டி 'உட்கார்' என்ற கட்டளையை இரண்டே நாளில் பிடித்துக்கொண்டது. 'படு' என்பதை மட்டும், காலையில் அரை மணி நேரம், மாலையில் அரை மணி நேரம் என்று மூன்று வாரமாகச் சொல்லிக்கொடுத்தும் பிடித்துக்கொள்ளவில்லை. தின்பண்டம் இருக்கும் கையைத் தரைக்கு இறக்கினால் படுக்கிறது; வெறும் வார்த்தையைச் சொன்னால் உட்கார்ந்தபடியே உங்கள் முகத்தைப் பார்க்கிறது; தோளை அழுத்தினால் முன்னங்கால்களை விறைத்துக்கொள்கிறது. இது அடமா, அறிவுக் குறைவா, கற்கும் வயது கடந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டது மூன்றாக இருந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது: இவ்வளவு உழைத்தும் இந்தக் குட்டி ஏன் ஒன்றுமே கற்கவில்லை என்பது. அதற்கு என் பதில், அது நிறையக் கற்றிருக்கிறது, நீங்கள் கற்பிப்பதாக நினைத்ததை மட்டும் கற்கவில்லை என்பதே. அது எதைக் கற்றிருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் மீதி வேலை அவ்வளவு கடினமானதில்லை.

என்னைப் பற்றி ஒரு வரி. பதினைந்து ஆண்டுகளாக வீட்டு நாய்களுக்கும் அவற்றை வளர்ப்பவர்களுக்கும் பயிற்சி கொடுத்துவருகிறேன். கால்நடை மருத்துவன் அல்லேன். உங்கள் குட்டியை நேரில் பார்த்ததும் இல்லை. ஆகவே கீழே வருவனவற்றில் சில உறுதியானவை, சில என் ஊகம். எது எந்த வகை என்பதை அந்தந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

உறுதியானதிலிருந்து தொடங்குகிறேன். ஒரு செயலைச் செய்தவுடன் நல்லது நடந்தால் அந்தச் செயல் மீண்டும் வரும், ஒன்றும் நடக்காவிட்டால் மெல்லத் தேய்ந்துபோகும் என்பதை எட்வர்ட் தார்ண்டைக் 1898-இல் பூனைகளைப் பெட்டியில் அடைத்து, அவை தாழ்ப்பாளைத் திறந்து வெளியேறக் கற்கும் வேகத்தை அளந்து காட்டினார். நூறாண்டு கடந்தும் அந்த அடிப்படை அசையவில்லை. இதில் வளர்ப்பவர்கள் கவனிக்கத் தவறுவது 'செய்தவுடன்' என்ற சொல்லைத்தான். நாயைப் பொறுத்தவரை 'உடன்' என்பது ஒரு விநாடி, மிஞ்சிப்போனால் இரண்டு. குட்டி படுக்கிறது; நீங்கள் மகிழ்ந்துபோய்ப் பைக்குள் கைவிட்டுத் தின்பண்டத்தைத் துழாவி எடுப்பதற்குள் அது எழுந்து உட்கார்ந்துவிடுகிறது; பண்டம் அப்போதுதான் வாய்க்குப் போகிறது. உங்கள் கணக்கில் அது படுத்ததற்குக் கிடைத்த பரிசு. குட்டியின் கணக்கில் எழுந்து உட்கார்ந்ததற்குக் கிடைத்த பரிசு. ஒரு நாளைக்கு ஐம்பது முறை இப்படி நடந்தால், 'படு' என்றதும் அது ஏன் உட்கார்ந்தபடியே முகத்தைப் பார்க்கிறது என்பதில் வியப்பதற்கு எதுவும் இல்லை.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இந்த மூன்று வாரத்தில் குட்டி மூன்று பாடங்களை நன்றாகவே படித்திருக்கிறது. தின்பண்டம் மணக்கும் கை தரைக்குப் போனால் மூக்கை அதன் பின்னால் கொண்டுபோக வேண்டும் என்பது முதல் பாடம். 'படு' என்ற ஓசைக்குப் பொருள் ஏதும் இல்லை, அதற்குப் பிறகு எப்படியும் கை வரும், அதுவரை காத்திருக்கலாம் என்பது இரண்டாவது. தோளின்மேல் கை விழுந்தால் கால்களை ஊன்றிக்கொள்ள வேண்டும் என்பது மூன்றாவது. இவற்றில் எதுவும் அடமோ மந்தமோ இல்லை. நீங்கள் கொடுத்த தகவலிலிருந்து அது செய்துகொண்ட முடிவுகள் அவை, அவ்வளவுதான்.

என் ஊகத்தை அப்படியே ஏற்க வேண்டாம், சோதித்துப் பாருங்கள். ஐந்து நிமிடம் போதும். அமைதியான அறையில், கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, நிமிர்ந்து நின்று, குட்டியின் தலைக்கு மேலே உள்ள சுவரைப் பார்த்தபடி 'படு' என்று ஒரே ஒரு முறை சொல்லுங்கள். பத்து விநாடி காத்திருங்கள். அடுத்து, ஒரு வார்த்தையும் பேசாமல், வெறும் கையை வழக்கம்போல் தரைக்கு இறக்குங்கள். கடைசியாக, கையை இறக்கிக்கொண்டே 'படு' என்பதற்குப் பதிலாக 'ஜன்னல்' என்றோ 'எழுபது' என்றோ சொல்லுங்கள். முதலாவதில் ஒன்றும் நடக்காமல், இரண்டாவதிலும் மூன்றாவதிலும் படுத்தால், அதற்குத் தெரிந்தது சைகை, வார்த்தை தெரியாது என்று பொருள். இரண்டாவதில்கூட அசையாவிட்டால், அதற்குச் சைகையும் தெரியாது, பண்டத்தின் மணம் மட்டுமே தெரியும். கையோடு இதே சோதனையை 'உட்கார்' என்பதற்கும் செய்து பாருங்கள். இரண்டே நாளில் வந்துவிட்டதாக நீங்கள் நம்பும் அந்தக் கட்டளையும் பெரும்பாலும் இங்கே தடுமாறும். நீங்கள் எதிரே நின்றுகொண்டு பையைத் தொட்டாலே குட்டி உட்கார்ந்துவிடுகிறது, வார்த்தை அதற்குப் பிறகுதான் வருகிறது என்பது அப்போது தெரியவரும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், நானே இதில் வழுக்கி விழுந்தவன் என்பதுதான். தொடங்கிய காலத்தில், நான் வளர்த்த பெண் நாய்க்குப் 'படு' மிக நன்றாகத் தெரியும் என்று பிறரிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் நாற்காலியில் உட்கார்ந்தபடி சொன்னேன். அது என்னை ஏதோ புரியாத மொழியில் பேசியவனைப்போலப் பார்த்தது. நான்கைந்து முறை சொல்லிச் சலித்து, பின்னர் ஒரு நண்பரிடம் கைப்பேசியைக் கொடுத்து, நின்றபடி நான் பயிற்சி தருவதைப் படமெடுக்கச் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் 'ப' என்ற எழுத்து என் வாயிலிருந்து வருவதற்கு முன்பே என் இடுப்பு நான்கு விரல்கடை முன்னால் சாய்ந்துகொண்டிருந்தது, வலது தோளும் சற்று இறங்கியது. நாய் அந்தச் சாய்வுக்குத்தான் படுத்துக்கொண்டிருந்தது. உட்கார்ந்திருக்கும்போது இடுப்பு சாயவில்லை, ஆகவே கட்டளையும் இல்லை. பெர்லினில் கணக்குப் போடுவதாகப் புகழ்பெற்ற ஹான்ஸ் என்ற குதிரையை 1907-இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் ஆராய்ந்தபோது தெரிந்ததும் ஏறக்குறைய இதுவே: கேட்பவருக்கு விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை, ஏனென்றால் அது குளம்பைத் தட்டுவதை எப்போது நிறுத்த வேண்டும் என்பதைக் கேட்பவரின் தலையசைவிலிருந்து படித்துக்கொண்டிருந்தது. கேட்டவர்களுக்குத் தாங்கள் தலையை அசைத்தது தெரியாது. எனக்கும் என் இடுப்பு சாய்ந்தது தெரியாது.

நாய்கள் உடலைப் படிப்பதில் வல்லவை. சொல்லைப் பிரித்தறிவதற்கு அவற்றுக்கு நேரம் பிடிக்கும். சைகையும் சொல்லும் ஒரே நேரத்தில் வந்தால் பெரும்பாலான நாய்கள் சைகையை எடுத்துக்கொண்டு சொல்லை விட்டுவிடுகின்றன. எடுப்பான ஒன்று பக்கத்தில் இருக்கும்போது மங்கலான மற்றொன்று மனத்தில் பதிவதில்லை என்பது கற்றலியலில் பழைய செய்தி. இதற்குத் தீர்வு எளிது, ஆனால் பழக்கத்துக்கு வர நாளாகும்: சொல் முதலில், ஒரு விநாடி இடைவெளி, அதற்குப் பிறகே சைகை. அந்த ஒரு விநாடியில் உங்கள் உடல் அசையக் கூடாது. 'படு' என்ற ஓசை, இனிக் கை வரப்போகிறது என்பதற்கு முன்னறிவிப்பாகிவிட்டால், சில நாட்களில் கை வருவதற்கு முன்பே குட்டி முந்திக்கொண்டு படுக்கத் தொடங்கும். அது முந்தும் அந்த முதல் நாள்தான் சொல் உள்ளே போயிருக்கிறது என்பதற்கான முதல் சாட்சி.

சொல்லைப் பற்றி இன்னொன்று. வீட்டில் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஒருவர் 'படு' என்பார், இன்னொருவர் 'படுத்துக்கோ' என்பார், குழந்தை 'கீழே படுடா' என்று கத்தும், தாத்தா 'டவுன்' என்பார். நமக்கு இவை எல்லாம் ஒரே பொருள். குட்டிக்கு இவை நான்கு வெவ்வேறு ஓசைகள். போதாக்குறைக்கு, சோபாவில் ஏறினால் 'கீழே', மேலே தாவினால் 'கீழே', படுக்கவும் 'கீழே' என்று ஒரே சொல்லை மூன்று வேலைக்கு வைத்திருக்கும் வீடுகளையும் பார்த்திருக்கிறேன். ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்து, ஒரு காகிதத்தில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிடுங்கள். 'படு, படு, படு, ஏய் படு' என்று அடுக்குவதையும் நிறுத்துங்கள். அப்படி அடுக்கினால் நான்காவது 'படு'தான் கட்டளை, முதல் மூன்றும் இரைச்சல் என்று அது கற்றுக்கொள்ளும்.

இனி, 'உட்கார்' இரண்டு நாளில் வந்ததும் 'படு' வராததும் ஏன் என்பது. இது பலருக்கும் நேர்வதுதான். பண்டத்தைத் தலைக்கு மேலே உயர்த்தினால் குட்டியின் மூக்கு மேலே போகும், பின்புறம் தானாகத் தாழும். உடலின் அமைப்பே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. படுப்பதற்கு அப்படிப்பட்ட சௌகரியம் இல்லை. மூக்கைக் கீழே கொண்டுவந்தால் பின்புறம் எழும்பும், அல்லது குட்டி நடந்து முன்னால் வந்துவிடும். அதோடு, படுத்த உடல் சட்டென்று எழுந்து ஓட முடியாத உடல். புதிய இடத்திலோ, ஆள்நடமாட்டத்துக்கு நடுவிலோ, குனிந்து நிற்கும் மனிதருக்கு நேர் கீழேயோ படுக்கத் தயங்கும் குட்டி பயந்த குட்டி என்று சொல்ல மாட்டேன். இயல்பான எச்சரிக்கை உள்ள குட்டி, அவ்வளவே. தரையும் ஒரு காரணம். மெலிந்த உடலும் குட்டை மயிரும் கொண்ட நாய்களுக்கு வெறுந்தரை சில்லென்று இருக்கும், முழங்கையும் மார்பெலும்பும் உறுத்தும். ஒருமுறை இரண்டு மாதமாகப் 'படு' வராத ஒரு வேட்டை இன இளம் நாயை என்னிடம் கொண்டுவந்தார்கள். அது முழங்கையைத் தரைக்குச் சற்று மேலே நிறுத்தி, ஏதோ சுடுவதுபோல் மீண்டும் மீண்டும் எடுத்துக்கொண்டிருந்தது. பழைய போர்வையை நான்காக மடித்து அதன் முன்னால் போட்டேன். அடுத்த ஐந்து நிமிடத்துக்குள் ஏழெட்டு முறை படுத்தது. கொண்டுவந்தவர் முகத்தில் மகிழ்ச்சியைவிடக் கூச்சமே அதிகம் தெரிந்தது. இவ்வளவு எளிதாக எல்லா நாய்களுக்கும் தீர்ந்துவிடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

தோளை அழுத்துவதை இன்றோடு விட்டுவிடுங்கள். அழுத்தினால் எதிர்த்து ஊன்றுவது நாயின் உடல் தன் சமநிலையைக் காத்துக்கொள்ளும் முறை. பேருந்து குலுங்கும்போது நாம் காலை ஊன்றுவதில் யோசனை இல்லையே, அதுபோலத்தான். அழுத்தி அழுத்தி நீங்கள் பயிற்சி கொடுத்திருப்பது படுப்பதற்கில்லை, ஊன்றி நிற்பதற்கு. வளரும் மூட்டுகளின்மேல் அப்படிப் பாரம் ஏற்றுவதும் நல்லதில்லை. 'படு' என்ற ஓசையோடு தோள் அழுத்தம் பலமுறை சேர்ந்து வந்திருந்தால், அந்தச் சொல்லே குட்டிக்குக் கசப்பானதாக மாறியிருக்கவும் கூடும். அதைக் கேட்டவுடன் கொட்டாவி விடுகிறதா, உதட்டை நக்குகிறதா, முகத்தைத் திருப்பிக்கொள்கிறதா, திடீரென்று தரையை முகரவோ உடலைச் சொறியவோ தொடங்குகிறதா என்று பாருங்கள். இவை ஒவ்வொன்றும் தனியே வந்தால் பொருட்படுத்த வேண்டியதில்லை. அந்தச் சொல்லைத் தொடர்ந்து தவறாமல் வந்தால், அது சங்கடத்தின் அடையாளம். அப்படியானால் கெட்டுப்போன சொல்லைச் சீர்செய்ய முயல்வதைவிடப் புதுச் சொல்லில் தொடங்குவது எளிது. 'தூங்கு', 'பாய்' என எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். நாய்க்கு அகராதி கிடையாது.

புதிதாகத் தொடங்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் வேலை கெட்டுப்போவது பெரிய கொள்கைகளில் இல்லை, கை எந்தப் பக்கம் போகிறது என்பதில்தான். தரையில் துணியோ பாயோ விரித்து, நீங்களும் கீழே உட்கார்ந்துகொள்ளுங்கள். மேலிருந்து கவிழ்ந்து நிற்காதீர்கள். பண்டம் பட்டாணி அளவுக்குமேல் வேண்டாம், மென்மையாக இருக்கட்டும். ஐந்து மாதத்தில் பால்பற்கள் 28-உம் விழுந்து நிலைப்பற்கள் 42 முளைத்துக்கொண்டிருக்கும் பருவம் என்பதால் ஈறு நோகும்; கெட்டியான பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டு ஆர்வமில்லை என்று முடிவுகட்டுவதில் அர்த்தமில்லை. குட்டியை உட்காரச் சொல்லி, பண்டத்தை மூக்கோடு ஒட்டிப் பிடித்து, நேர்செங்குத்தாக, இரண்டு முன்பாதங்களுக்கும் நடுவே இறக்குங்கள். கை முன்னோக்கி நகர்ந்தால் குட்டி எழுந்துவிடும். நூல் பிடித்ததுபோல் நேராக இறங்க வேண்டும். கை தரையைத் தொட்டதும் அங்கேயே நிறுத்திக் காத்திருங்கள். குட்டி நக்கும், கையைப் பிராண்டும், முனகும். பேசாதீர்கள். தலை தாழ்ந்து ஒரு முழங்கை மடிந்தாலே அந்த நொடியில் பண்டத்தை விட்டுவிடுங்கள். முழுதாகப் படுக்கும்வரை பரிசு இல்லை என்று முதல் நாளிலேயே கறாராக இருப்பதுதான் பல வீடுகளில் வேலையைக் கெடுக்கிறது. முதலில் தலை தாழ்ந்தால் போதும், பிறகு ஒரு முழங்கை, பிறகு இரண்டு, பிறகு வயிறு. பண்டத்தைக் குட்டியின் வாய்க்கு உயர்த்திக் கொடுக்காமல், பாதங்களுக்கு நடுவே தரையிலேயே வையுங்கள். பரிசு கீழே கிடைக்கும் என்று தெரிந்த நாய் கீழேயே இருக்கும். முதலில் சொன்ன 'எழுந்தபின் பரிசு' என்ற தவறும் இதிலேயே சரியாகிவிடும்.

இப்படியும் முழங்கை மடியாவிட்டால், தரையில் உட்கார்ந்து ஒரு காலை மடக்கிப் பாலம்போல் வைத்து, பண்டத்தை அதன் கீழே நுழைத்து இழுங்கள். குட்டி கீழே நுழைந்து வர வேண்டுமானால் உடலைத் தாழ்த்தியே ஆக வேண்டும். அதுவும் பயன்படாத குட்டிகளிடம் நான் பயிற்சியையே நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன். எந்த நாயும் நாளில் பலமுறை தானாகவே படுக்கிறது. அது களைத்துப் படுக்கும் கணத்தில் 'ஆம்' என்ற ஒரு சொல்லோடு பாதங்களுக்கு நடுவே ஒரு துணுக்கை வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். மூன்று நான்கு நாளில் குட்டி உங்கள் எதிரே வந்து, உங்களைப் பார்த்துக்கொண்டே வேண்டுமென்று படுக்கத் தொடங்கும். மெதுவான வழிதான், ஆனால் அப்படி வந்த 'படு' எளிதில் மறந்துபோவதில்லை என்பது என் அனுபவம். இதற்கு ஆய்வுச் சான்று காட்டச் சொன்னால் என்னால் முடியாது.

பண்டத்தைக் காட்டி ஐந்தாறு முறை வந்துவிட்டால், ஏழாவது முறை வெறுங்கை. அதே அசைவு, கையில் ஒன்றும் இல்லை. படுத்தவுடன் பரிசு மற்ற கையிலிருந்து வர வேண்டும். உங்கள் குட்டி நின்றுபோயிருப்பது இந்தப் படியில்தான் என்று நினைக்கிறேன். மூன்று வாரம் பண்டத்தைக் காட்டியே அழைத்திருக்கிறீர்கள். பண்டம் பரிசாக இருக்க வேண்டியது, முன்பணமாக மாறிவிட்டது. வெறுங்கைக்குப் பழகிய பிறகே சொல்லைச் சேர்க்க வேண்டும், முன்னர் சொன்ன அந்த ஒரு விநாடி இடைவெளியோடு. ஐந்து முறையில் நான்கு முறை சரியாக வந்தால் அடுத்த படிக்குப் போங்கள். இரண்டு முறை தொடர்ந்து தவறினால் முந்தைய படிக்கு இறங்குங்கள். இது பயிற்சியாளர்களின் கைக்கணக்கு, விதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அறை மாறினால், நீங்கள் நிற்கும் கோணம் மாறினால், பக்கத்தில் இன்னொருவர் வந்து நின்றால், குட்டி பழையபடி விழிக்கும். நாய்கள் ஓர் இடத்தில் கற்றதை வேறிடத்துக்குத் தாமாகக் கொண்டுபோவதில் பலவீனமானவை. கூடத்தில் வந்தது வாசலில் வராவிட்டால், வாசலில் இரண்டு நிமிடம் பண்டத்தைக் காட்டித் தொடங்குங்கள். மறந்துவிட்டது என்று கடிந்துகொள்ள அதில் ஒன்றும் இல்லை.

காலை அரை மணி, மாலை அரை மணி என்பது மிக அதிகம். ஐந்து மாதக் குட்டிக்கு ஒரே பாடத்தில் மூன்று நிமிடம், கூடினால் ஐந்து நிமிடம். அது இன்னும் வேண்டும் என்று பார்க்கும்போதே முடித்துவிட வேண்டும். இதில் உறுதியானது எவ்வளவு என்று பிரித்துச் சொல்கிறேன். டென்மார்க்கில் பீகிள் நாய்களை வைத்து 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், வாரம் ஒரு முறை பயிற்சி பெற்றவை, வாரம் ஐந்து முறை பெற்றவற்றைவிடக் குறைந்த எண்ணிக்கையிலான வகுப்புகளில் ஒரு செயலைக் கற்றன. அதே குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்விலும் வாரம் ஒன்றிரண்டு முறை, அதுவும் குறுகிய நேரம் பயிற்சி பெற்ற நாய்களே முன்னால் இருந்தன. இதை வைத்து வாரம் ஒரு முறை போதும் என்று நான் சொல்ல மாட்டேன். வகுப்புகளின் எண்ணிக்கை குறைந்ததே தவிர, நாட்காட்டிக் கணக்கில் நாள் கூடியது. அவை ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த நாய்களும்கூட, வீட்டுக் குட்டியின் நிலை வேறு. ஆனால் நீளமும் அடர்த்தியும் கூடினால் கற்றல் கூடும் என்ற நம் எண்ணம் சரியில்லை என்பதற்கு அவை போதுமான சான்று. ஒரு நாளைக்கு மூன்று நிமிடத்தில் இரண்டு வேளை, நடுவில் நல்ல தூக்கம், வாரத்தில் ஒன்றிரண்டு நாள் முழு ஓய்வு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அறிவுக் குறைவு பற்றிய உங்கள் ஐயத்துக்கு அதிக இடம் கொடுக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன். இந்த இனம் புத்திசாலி, அந்த இனம் மந்தம் என்று பரவலாகச் சுற்றும் தரவரிசை, ஸ்டான்லி கோரன் 1994-இல் கீழ்ப்படிதல் போட்டி நடுவர்களிடம் கருத்துக் கேட்டுத் தொகுத்தது. அது மனிதர் சொன்னதை எவ்வளவு விரைவாகச் செய்கிறது என்பதைப் பற்றிய நடுவர்களின் மதிப்பீடு. மோப்பத்திலோ, தானாகச் சிக்கலை அவிழ்ப்பதிலோ நாய் எப்படி என்பதை அது சொல்லாது. உங்கள் குட்டி 'உட்கார்' என்பதை இரண்டு நாளில் பிடித்திருக்கிறது; சைகை அளவில்தான் என்றாலும், கற்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அதுவே போதும்.

வயது கடந்துவிடவும் இல்லை. ஐந்து மாதம் நல்ல பருவம். ஆனால் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டியது ஒன்று உண்டு. நியூகாசல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூசி ஆஷரும் அவர் குழுவினரும் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், வழிகாட்டி நாய்களாக வளர்க்கப்பட்டவற்றை ஐந்து மாதத்திலும் எட்டு மாதத்திலும் 'உட்கார்' சொல்லிச் சோதித்தார்கள். எட்டாம் மாதத்தில் அவை தம்மை வளர்ப்பவர் சொன்னதற்கு முன்பைவிடக் குறைவாகக் கீழ்ப்படிந்தன. அறிமுகமில்லாதவர் சொன்னபோது அந்தச் சரிவு இல்லை. ஒரே வகைச் சூழலில் வளர்ந்த சில இனங்களை வைத்துச் செய்தது என்பதால் எல்லா நாய்க்கும் அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆயினும் அந்தப் பருவத்தில் 'எல்லாம் மறந்துவிட்டது' என்று என்னிடம் வருபவர்களின் கதையோடு அது ஒத்துப்போகிறது. இன்னும் மூன்று மாதத்தில் உங்கள் குட்டியும் கேட்டும் கேளாததுபோல் நிற்கக்கூடும். அப்போது குரலை உயர்த்தாமல், இரண்டு வாரத்துக்குப் பண்டத்தை மறுபடி வெளியே எடுத்து எளிய படிக்கு இறங்குங்கள். அது தானாகக் கடந்துபோகும் பருவம்.

நீங்கள் கேட்காத ஒன்றோடு முடிக்கிறேன், ஏனென்றால் பயிற்சியால் தீராத காரணங்களும் உண்டு. பண்டம் காட்டினால் குட்டி படுக்கிறது என்று எழுதியிருப்பதால், உங்கள் விஷயத்தில் உடல் வலி முதன்மைக் காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு. இருந்தாலும் படுக்கும்போது மெல்ல, பகுதி பகுதியாக இறங்குகிறதா, ஒரே பக்கமாகச் சரிகிறதா, எழும்போது பின்னங்கால் இரண்டையும் சேர்த்துத் தள்ளுகிறதா, ஓடும்போது முயலைப்போல் தாவுகிறதா, ஒரு நாள் இந்தக் காலையும் இன்னொரு நாள் அந்தக் காலையும் தாங்கி நடக்கிறதா என்று கவனியுங்கள். இடுப்பு மூட்டு, முழங்கை மூட்டுக் கோளாறுகளும், பெரிய இனக் குட்டிகளுக்கு ஏறத்தாழ ஐந்து மாதத்திலிருந்து வரக்கூடிய நீளெலும்பு அழற்சியும் இப்படித்தான் முதலில் தலைகாட்டும். அது போலவே, வார்த்தைக்கு மட்டும் ஒருபோதும் பதில் வராமல், சைகைக்கு உடனே பதில் வரும் குட்டிக்குக் காது கேட்கிறதா என்றும் பார்க்க வேண்டும். டால்மேஷியன்போல வெண்மை மிகுந்த தோல்மயிர் உள்ள இனங்களில் பிறவிச் செவிட்டுத்தன்மை குறிப்பிடத்தக்க அளவில் உண்டு. ஒரு காது மட்டும் கேட்காத குட்டியை வீட்டில் யாரும் எளிதில் கண்டுபிடிக்க முடியாது. அது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பின்னாலிருந்து, காற்றோ அதிர்வோ உடலில் படாத தூரத்தில் நின்று, ஒருமுறை சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்கள். காது திரும்பினால் ஒரு காதாவது கேட்கிறது. திரும்பாவிட்டாலோ, ஒலி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாமல் சுற்றிச்சுற்றிப் பார்த்தாலோ கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். இரண்டு காதையும் தனித்தனியே அளக்கும் மூளைத்தண்டுச் செவித்திறன் பரிசோதனை இருக்கிறது. மருத்துவரிடம் போகும்போது, குட்டி படுப்பதையும் எழுவதையும் பக்கவாட்டிலிருந்து கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு போங்கள். மருத்துவமனை மேசையின்மேல் எந்தக் குட்டியும் வீட்டில் படுப்பதுபோல் படுக்காது.